பி450 மதர்போர்டுல எந்த கிராபிக்ஸ் கார்டு போடறது? 8 ஜிபியா 16 ஜிபியா, இல்ல மொத்தமா மாத்திடலாமா?

#1 · திருப்பூர்த்தம்பி

எல்லாருக்கும் வணக்கமுங்க. 2020 லாக்டவுனுக்கு முன்னாடி அசெம்பிள் பண்ணின மிஷின் இது: ரைசன் 5 3600 பிராசஸர், பி450 போர்டு, 8+8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மிஷினுக்குக் கரண்ட் குடுக்கற பெட்டி), 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். தினமும் வேலரன்ட் கேம் ஆடுவேன். ராத்திரி நேரம் கிடைச்சா சைபர்பங்க் 2077.

ரெண்டு பிரச்சினைங்க. வேலரன்ட்ல சராசரி 190 எஃப்பிஎஸ் (நொடிக்கு வர்ற பிரேம், அதாவது படம்) காட்டுது. ஆனா நாலு பேர் ஸ்மோக் போட்டு ஒண்ணா உள்ள நுழைஞ்சா படம் ஒரு இழு இழுத்துட்டுத்தான் வருது. அதுக்குள்ள சுட்டுடறாங்க. அடுத்தது, இண்டியானா ஜோன்ஸ் கேம் வாங்கினேன், திறக்கவே மாட்டேங்குது.

தீபாவளி போனஸ்ல இருந்து சேத்து 55,000 ரூபா வெச்சிருக்கேன். கடையில 8 ஜிபி மெமரி இருக்கற கார்டே போதும்கறாங்க. கூட வேலை செய்யறவர் பழைய போர்டுல காசு போடாதே, மொத்தமா மாத்துங்கறார். இப்படி ஒரு தொகை திரும்பச் சேர எனக்கு மூணு வருஷம் ஆகுமுங்க. அதான் கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்.

#2 · புதுபோர்டு_பிரியன்

மொத்தமா மாத்துங்க ப்ரோ. உங்க போர்டுல பிராசஸர் உக்கார்ற ஏஎம்4 சாக்கெட் 2017ல கடைக்கு வந்தது, அதுல இனி புதுசா பெருசா எதுவும் வரப்போறதில்ல. ரைசன் 5 7600, பி650 போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 போடுங்க. கார்டை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். வேலரன்ட் பிராசஸரை நம்பி ஓடற கேம். உங்க இழுப்புக்குக் காரணம் அந்த 3600தான்.

இண்டியானா ஜோன்ஸ் திறக்காததுக்குக் காரணம் வேற. அந்த கேமுக்கு ரே டிரேசிங் (வெளிச்சம் போற வழியைக் கணக்குப் போட்டுப் படம் வரையற முறை) ஹார்டுவேர் கட்டாயம், 1660 சூப்பர்ல அது கிடையாது. டூம்: தி டார்க் ஏஜஸும் அப்படித்தான். செட்டிங்ஸை எவ்வளவு குறைச்சாலும் வராது.

#3 · வரைபடக்காரி

தம்பி, எதையும் வாங்கும் முன் உங்கள் மிஷினை அளந்து பார்த்துவிடலாம். 190 என்பது சராசரி. சராசரி எதை மறைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு நொடியில் 60 பிரேம் வந்தது என்று வையுங்கள். அதில் 59 பிரேம் தலா 10 மில்லிசெகண்டில் வந்துவிட்டது, ஒன்றே ஒன்று மட்டும் 410 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது. கூட்டினால் சரியாக ஒரு நொடி. மீட்டரில் 60 எஃப்பிஎஸ் என்றுதான் வரும். ஆனால் கிட்டத்தட்ட அரை நொடி நேரம் நீங்கள் பார்த்தது உறைந்துபோன படம்.

2011ல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் இதை விரிவாக எழுதிக் காட்டிய பிறகுதான், ஒவ்வொரு பிரேமும் எடுத்த நேரத்தை அளக்கும் வழக்கம் விமர்சகர்களிடம் பரவியது. இன்று எல்லா வரைபடத்திலும் பார்க்கிற '1% லோ' அந்த வழியில் வந்ததுதான். மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு பிரேம்கள் எந்த வேகத்தில் இருந்தன என்பதை அது சொல்லும். எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அது இல்லாத விமர்சனத்தை வைத்துக் காசு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

கேப்பிரேம்எக்ஸ் என்ற மென்பொருள் இலவசம். அதை வைத்து இரண்டு கேமிலும் ஒரே இடத்தில், ஒரே பாதையில், மூன்று முறை அளந்து எழுதுங்கள். கூடவே கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். பிறகு ரெசல்யூஷனை 720பி ஆக்கி மறுபடி அளங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டு திணறுகிறது என்று அர்த்தம். அசையாமல் அங்கேயே நின்றால் தடை பிராசஸர் பக்கமோ ரேம் பக்கமோ இருக்கிறது.

#4 · பட்டறைக்காரர்

அம்மிணி சொல்றதுதான் சரி. அதோட சிபியு-இசட்டுங்கற மென்பொருள்ல மெமரி டேபைத் திறந்து அங்க இருக்கற எண்ணையும் எழுதுங்க தம்பி. கோயமுத்தூர்ல பட்டறை வெச்சு இருவது வருசமாச்சு. புது கார்டு வேணும்னு வர்ற பத்து மிஷின்ல ரெண்டு மூணுல கோளாறு கார்டுல இருக்கறதில்லீங்க.

#5 · திருப்பூர்த்தம்பி

அளந்துட்டேனுங்க அக்கா.

வேலரன்ட்: சராசரி 188, 1% லோ 71. கார்டு பயன்பாடு 55% கிட்ட. 720பியில வெச்சாலும் அதே 190தான்.
சைபர்பங்க், ஹை செட்டிங்: சராசரி 52, 1% லோ 38. கார்டு 99%. 720பியில 70க்கு மேல ஏறுது.

அண்ணா, மெமரி டேப்ல 1066னு காட்டுது. சேனல்னு போட்டிருக்கற இடத்துல சிங்கிள்னு இருக்குதுங்க. 3200னு பெட்டியில போட்டு வித்தாங்களே, இது என்னங்க மூணுல ஒரு பங்கு?

#6 · பட்டறைக்காரர்

அதேதான் தம்பி. டிடிஆர் ரேம்ல ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை டேட்டா போகும். 1066ஐ ரெண்டால பெருக்குங்க, 2133. அப்ப 3200 ரேம் அஞ்சாறு வருசமா 2133லயே ஓடியிருக்குது. பயாஸ்ல (போர்டோட அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமைப் பெட்டியில போட்ட வேகத்துல ஓட்டற செட்டிங்கை, ஆன் பண்ணாம விட்டுட்டாங்க. ரைசன்ல இன்னொரு விசயம் இருக்குதுங்க. பிராசஸருக்குள்ள துண்டுகளை இணைக்கற இன்பினிட்டி பேப்ரிக் ரேம் வேகத்தோட சேந்துதான் ஓடும். ரேம் மெதுவானா அதுவும் மெதுவாகிடும்.

சிங்கிள்னு வர்றதுக்குக் காரணம் ஸ்லாட். நாலு ஸ்லாட் போர்டுல பிராசஸர் பக்கத்துல இருந்து எண்ணினா 2, 4ல போடணும். பக்கம் பக்கமா செருகினா ரெண்டும் ஒரே சேனல்ல (டேட்டா போற வழி) உக்காந்துக்கும். கரண்டை ஆப் பண்ணி, பிளக்கைக் கழட்டி, ரேமை மாத்திப் போட்டு, பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணுங்க. சில போர்டுல டிஓசிபின்னு போட்டிருக்கும். பத்து நிமிச வேலை. வேலரன்டை மட்டும் மறுபடி அளந்து போடுங்க.

#7 · திருப்பூர்த்தம்பி

வேலரன்ட்: சராசரி 256, 1% லோ 139.

அஞ்சு தடவை அளந்துட்டேனுங்க, நம்பவே முடியல. 71 எங்க, 139 எங்க! சைபர்பங்க் 53, கிட்டத்தட்ட பழசேதான். ராத்திரி மூணு மேட்ச் ஆடினேன், இழுப்பே இல்ல. அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

#8 · புதுபோர்டு_பிரியன்

நான் 3600 மேல பழியைப் போட்டது தப்பு, வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு. 3600ல 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) இருந்தாலும் அது 16+16ன்னு ரெண்டா பிரிஞ்சு கிடக்கு, ஒரு பக்கத்து கோர் மறுபக்கத்து கேஷைத் தொட சுத்திப் போகணும். 5000 வரிசையில 5600, 5700எக்ஸ் ரெண்டுலயும் முழு 32 எம்பியும் ஒரே இடம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியும். புது கார்டு போட்ட பிறகு 3600 தடையா நிக்கும்ங்கறதுல நான் மாறல.

#9 · வரைபடக்காரி

நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக போர்டையும் ரேமையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. பயாஸை அப்டேட் செய்தால் பி450ல் 5000 வரிசை பிராசஸர் உட்காரும். 2022 ஏப்ரலில் 96 எம்பி கேஷுடன் வந்த 5800எக்ஸ்3டி கூட இதே சாக்கெட்டுக்குத்தான் வந்தது. 3டி வகையைப் புதிதாகத் தேடிப் பிடிப்பது இப்போது கஷ்டம், 5700எக்ஸ் போதும். அதையும் ஆறு மாதம் கழித்து வாங்கலாம்.

நீங்கள் சொன்ன பி650 போர்டின் ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போனால் டிடிஆர்5 ரேம் வாங்கியாக வேண்டும். 2025 கடைசியில் இருந்து ரேம் விலை எங்கே போய் நிற்கிறது என்று எல்லோரும் பார்க்கிறோம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் தன் குருசியல் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. கையில் இருக்கிற 16 ஜிபி டிடிஆர்4ஐ இந்த நேரத்தில் விடக்கூடாது.

இனி கார்டு. 8 ஜிபி வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், காரணத்தோடு சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டு. அதன் சொந்த மெமரி நொடிக்கு 320 ஜிபி வேகத்தில் டேட்டா கொடுக்கும். கேம் கேட்கிற டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அந்த மெமரியில் அடங்காவிட்டால் மீதி உங்கள் ரேமில் போய் உட்காரும். அங்கிருந்து பிசிஐஇ ஸ்லாட் வழியாக வரவேண்டும். பி450 போர்டு பிசிஐஇ 3.0. ஸ்லாட்டின் 16 லேனும் (டேட்டா போகும் பாதைகள்) சேர்ந்தாலே நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபிதான். ஆறுவழிச் சாலையில் வந்த வண்டி சந்துக்குள் நுழைந்த கதை. அந்த இடத்தில்தான் படம் இழுக்கும். சராசரியில் இது சரியாகத் தெரியாது, 1% லோவில் தெரியும்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல். அந்த கார்டில் 8 லேன்தான். புது போர்டில் பிசிஐஇ 5.0 இருப்பதால் அது போதும். உங்கள் போர்டில் அதே 8 லேன் 3.0 வேகத்தில் ஓடும், நொடிக்கு 8 ஜிபி. விமர்சகர் மேஜையில் இருப்பது புத்தம்புது போர்டு. அவர் எடுத்த எண் உங்கள் வீட்டில் அப்படியே வராது. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நினைவிருக்கிறதா? 4 ஜிபி மெமரி, 4 லேன். பழைய 3.0 போர்டு வைத்திருந்தவர்கள்தான் அதைத் தேடி வாங்கும் கூட்டம், அவர்களிடம்தான் அது மிக மோசமாக ஓடியது.

அதனால் உங்கள் போர்டுக்கு என் தேர்வு 9060 எக்ஸ்டி 16 ஜிபி. 16 லேனும் முழுதாக இருக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்காவில் 349 டாலருக்கு வந்தது, 5060 டிஐ 16 ஜிபி வந்தபோது 429 டாலர்.

இன்னொன்று. பெட்டியில் '16 ஜிபி' என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு பொருளை விற்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம், என்னை மிகவும் கோபப்படுத்துகிற பழக்கம். 2016ல் ஜிடிஎக்ஸ் 1060 வந்தபோது 6 ஜிபி வகையில் 1280 கோர், 3 ஜிபி வகையில் 1152 கோர். பெயர் ஒன்று. ஜிடி 1030 அதைவிட மோசம்: 2017ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு நொடிக்கு 48 ஜிபி, அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு 16.8 ஜிபி. விமர்சனம் படித்து நம்பி வாங்கியவர் கையில் மூன்றில் ஒரு பங்கு வேகம். 2022ல் ஆர்டிஎக்ஸ் 4080 12 ஜிபி என்று ஒன்றை அறிவித்தார்கள், எதிர்ப்பு வந்ததும் அக்டோபரில் அந்தப் பெயரைத் திரும்பப் பெற்றார்கள். வாங்குகிறவர்கள் சத்தம் போட்டால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

#10 · நிழல்_கதிர்

லேன் கணக்கு சரிதான். ஆனால் 16 ஜிபி கார்டில் மெமரி நிரம்பி வழிவதே அரிது. வழியாவிட்டால் 8 லேன், 3.0 என்பதால் வருகிற இழப்பு சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக என்விடியாவை ஒதுக்குவது நியாயமாகப் படவில்லை. அதன் டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தரும் வசதி) இருக்கிற கேம்களின் எண்ணிக்கை அதிகம். அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 இந்தத் தலைமுறையில் தரமாக வந்துவிட்டது, மறுக்கவில்லை, ஆனால் ஆதரிக்கிற கேம்கள் குறைவு.

தம்பியிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வி: கேம் தவிர இந்த மிஷினில் வேறு என்ன வேலை நடக்கிறது?

#11 · திருப்பூர்த்தம்பி

அக்கா சொன்னதைக் கேட்டு 9060 எக்ஸ்டின்னு முடிவே பண்ணிட்டேனுங்க. இப்ப இந்தக் கேள்வி வந்ததும் யோசிச்சேன். என் தங்கச்சி பகல்ல இதே மிஷின்லதான் வேலை செய்யறா. எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு டீ-ஷர்ட், ஹூடி மாடலை பிளெண்டர்ங்கற மென்பொருள்ல 3டியா செஞ்சு கொடுக்கறா. ஒரு படம் ரெண்டர் ஆக (முழுசா வரைஞ்சு வர) இருவது நிமிசம்கூட ஆகுது. மெமரி பத்தலன்னு எரர் வந்து நின்னும் போயிருக்குதுங்க.

#12 · வரைபடக்காரி

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நிழல்_கதிருக்கு நன்றி. என் பரிந்துரையை மாற்றிக்கொள்கிறேன். பிளெண்டரில் படத்தை வரையும் சைக்கிள்ஸ் ரெண்டரில், என்விடியா கார்டுகளுக்கான ஆப்டிக்ஸ் வழி இதே விலைப் பிரிவில் தெளிவாக முந்தியிருக்கிறது. மெமரி பற்றாமல் நிற்கும் வேலைக்கு 16 ஜிபி அவசியம். உங்கள் தங்கை அதை வைத்துச் சம்பாதிக்கிறார் என்றால் கேமில் நாலைந்து பிரேம் குறைவது பெரிய விஷயமே இல்லை. 5060 டிஐ 16 ஜிபி வாங்குங்கள். 8 ஜிபி மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

#13 · பட்டறைக்காரர்

கார்டு முடிவாயிருச்சு. இனி அதை உசுரோட வெச்சுக்கற வழியைப் பாக்கலாம். எங்க வாடிக்கையாளர்க கேக்காம விடற சமாச்சாரம் இது, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

எஸ்எம்பிஎஸ். 5060 டிஐ 180 வாட் இழுக்கும். என்விடியா மொத்த மிஷினுக்கு 600 வாட் எஸ்எம்பிஎஸ் சொல்லுது. கணக்குப் போட்டா உங்க 450லயும் ஓடிரும். ஆனா அது ஆறு வருசமா நம்மூர் வெயில்ல வெந்த சரக்கு, கெப்பாசிட்டர் களைச்சிருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ்ங்கற முத்திரை கரண்டை எவ்வளவு வீணாக்காம ஓட்டுதுன்னு மட்டுந்தான் சொல்லும். அந்தச் சோதனையும் 23 டிகிரி அறையில செய்யறது. ஏப்ரல் மாசம் திருப்பூர்ல கேபினட்டுக்குள்ள எவ்வளவு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். நல்ல 650 வாட் ஒண்ணு வாங்குங்க. அஞ்சு வருசமாவது வாரண்டி தர்றதாப் பாருங்க.

எர்த். கேபினட்டைத் தொட்டா சுரீர்னு இருக்குதா? அப்படியிருந்தா சுவத்துல எர்த் வேலை செய்யல. எஸ்எம்பிஎஸ்சுக்குள்ள லைனுக்கும் பாடிக்கும், நியூட்ரலுக்கும் பாடிக்கும் சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இல்லீன்னா பாடியில பாதி வோல்டேஜ், நூத்திப் பதினஞ்சு கிட்ட, மிதந்துட்டு நிக்கும். இந்தச் சின்னக் கசிவு மட்டும்னா பொதுவா ஆளைக் கொல்லாது, ஆனா எச்டிஎம்ஐ கேபிளைச் செருகறப்ப கார்டோட போர்ட்டைக் கொன்னுரும். என் மேசைக்கு அப்படி வந்த கார்டு நெறைய. புது கார்டு வர்றதுக்கு முன்னாடி எலக்ட்ரீசியனைக் கூப்புட்டு எர்த்தைச் சரி பண்ணிருங்க.

சூடு. விமர்சனத்துல கார்டு 68 டிகிரின்னு போட்டிருப்பாங்க. அவங்க அறை 22ன்னா வித்தியாசம் 46. உங்க அறை 36ன்னா கார்டு 82 காட்டும். அதைப் பாத்துட்டுக் கார்டு பழுதுன்னு பயந்துறாதீங்க. ஆப்டர்பர்னர்ங்கற மென்பொருள்ல பவர் லிமிட்டை 90% வெச்சுப் பாருங்க, எஃப்பிஎஸ் ரொம்பக் குறையாது, சூடும் சத்தமும் நல்லாவே இறங்கும்.

வீடு பனியன் கம்பெனிக்குப் பக்கத்துலயா? அப்ப பஞ்சு. திருப்பூர்ல இருந்து வர்ற மிஷின்ல ஹீட்சிங்க் மேல பஞ்சு மெத்தையாட்ட படிஞ்சிருக்கும். முன்பக்க பில்டரை மாசம் ஒருக்கா கழட்டித் தட்டுங்க. புளோயர்ல அடிக்கறப்ப பேனை விரலால பிடிச்சுக்கோங்க, அதிவேகமாச் சுத்த விட்டா பேரிங் போயிரும்.

அப்புறம் பயாஸ். 5700எக்ஸ் வாங்கற அன்னிக்கு, பழைய 3600 உள்ள இருக்கறப்பவே அப்டேட் பண்ணணும். யுபிஎஸ் இல்லாம அதைத் தொடாதீங்க. பாதியில கரண்ட் போயி செத்த போர்டு மாசம் ஒண்ணாவது வரும். பயாஸ் இருக்கற எட்டுக்கால் சிப்பைப் புரோகிராமர்ல போட்டு உசுர் குடுத்துருவேன், ஆனா எல்லா ஊர்லயும் அதுக்கு ஆள் இருக்காதுல்லீங்களா.

#14 · மதுரை_144

யுபிஎஸ் வாங்கும்போது பெட்டியில போட்டிருக்கற விஏ எண்ணைப் பாத்து ஏமாறாதீங்க தம்பி. 600 விஏன்னா நிஜத்துல 360 வாட் அளவுதான் தாங்கும். நான் ஒண்ணை வாங்கிட்டு, கரண்ட் போன உடனே மிஷினும் சேந்து அணைஞ்சதைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். 1000 விஏக்குக் கீழ வேண்டாம். மானிட்டரை டிஸ்பிளேபோர்ட் கேபிள்ல மாட்டுங்க, விண்டோஸ் செட்டிங்ஸ்ல 144ன்னு இருக்கான்னும் பாருங்க. என் தம்பி ஒரு வருஷம் 60லயே ஆடிட்டு இருந்தான்.

#15 · திருப்பூர்த்தம்பி

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேனுங்க, மன்னிக்கணும்.

எர்த் நிஜமாவே இல்லீங்க அண்ணா. மீட்டர்ல கேபினட் பாடியில 108 காட்டுச்சு. வீட்டுக்காரர்கிட்ட பேசி, பின்னாடி புதுசா எர்த் குழி போட்டாச்சு. அப்புறம்தான் கார்டு வாங்கினேன். 5060 டிஐ 16 ஜிபி, 650 வாட் எஸ்எம்பிஎஸ். கடையில முதல்ல 8 ஜிபி பெட்டியைத்தான் எடுத்து வெச்சாங்க. அக்கா சொன்ன மாதிரி பெட்டியைத் திருப்பிப் பாத்து, மாத்தி வாங்கினேன். பில்லுல 16 ஜிபின்னும் சீரியல் நம்பரும் எழுதி வாங்கியாச்சு. நெனச்சதுக்கு மேல ஆச்சு, மீதிக்குத் தங்கச்சி பணம் போட்டா.

சைபர்பங்க், அதே இடம், அதே ஹை செட்டிங்: சராசரி 97, 1% லோ 64. கார்டு பயன்பாடு 75% பக்கம்தான் நிக்குது, அப்ப இப்பத் தடை 3600தான், புதுபோர்டு அண்ணன் சொன்னது நடந்துருச்சு. இண்டியானா ஜோன்ஸ் திறந்துருச்சு! இருவது நிமிசம் ஆன ஹூடி ரெண்டர் மூணு நிமிசத்துக்குள்ள முடிஞ்சுது. தங்கச்சி திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டு இருக்கறா.

#16 · வரைபடக்காரி

படிக்கப் படிக்க அவ்வளவு சந்தோஷம் தம்பி. சைபர்பங்க்கில் 75 எஃப்பிஎஸ் என்று லிமிட் வைத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். சராசரி குறையும், ஆனால் பிரேம்கள் சீராக வருவதால் இப்போதைவிட வழுக்கிக்கொண்டு ஓடும். 5700எக்ஸ் வரும்வரை அது போதும்.

#17 · பட்டறைக்காரர்

எர்த் குழி போட்டீங்க பாருங்க, அதுதான் எனக்கு நிம்மதி. பயாஸ் அப்டேட்டை நீங்களே பண்ண வேண்டாம், பிராசஸர் வாங்கின அன்னிக்கு மிஷினைத் தூக்கிட்டு பட்டறைக்கு வாங்க. வர்றப்ப கார்டைக் கழட்டித் தனியா அதோட பெட்டியில வெச்சுக் கொண்டாங்க, பஸ்ல குலுங்கினா ஸ்லாட் விட்டுப் போயிரும். பஞ்சையும் சேத்து எடுத்து விட்டுடறேன்.